தையல்காரர் மகன்கள் செய்த கேடயம்

1940 டிசம்பர் 20. நியூயார்க் பத்திரிகைக் கடைகளில் புதிதாக ஒரு காமிக்ஸ் இதழ் தொங்கியது. விலை 10 சென்ட். அட்டையில் மார்ச் 1941 என்று போட்டிருந்தார்கள். பல வாரம் கடையில் கிடந்தாலும் புதுசாகவே தெரியட்டும் என்று முன்தேதி போடுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

அந்த அட்டைப்படத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பார்ப்போம். நாஜிகளின் ரகசிய அறை. ஒரு திரையில் அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலை ஒன்றைத் தகர்க்கும் காட்சி ஓடுகிறது. அமெரிக்காவின் வரைபடமும் நாசவேலைத் திட்டமும் தயாராக இருக்கின்றன. நடுவே சிவப்பு, வெள்ளை, நீல உடையில் ஒருவன் பாய்ந்து வந்து ஹிட்லரின் தாடையில் ஓங்கி ஒரு குத்து விடுகிறான். ஹிட்லர் மல்லாக்கச் சாய்கிறார். சுற்றி நிற்கும் சிப்பாய்கள் சுடுகிறார்கள்.

பார்ப்பவர் கண் முதலில் போவது அந்தக் குத்தின் மேல்தான். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அந்தக் குத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நான் பேச வந்தது அவனது இன்னொரு கையில் இருப்பதைப் பற்றி. மேல்பக்கம் நேராகவும் கீழே குவிந்தும் ஒரு கேடயம். நீலப் பட்டையில் வெள்ளை நட்சத்திரங்கள், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள். பறந்துவரும் குண்டு அதில் பட்டுத் தெறிக்கிறது. கேப்டன் அமெரிக்கா என்ற அந்த வீரனிடம் துப்பாக்கி இல்லை, வாள் இல்லை. அவனைப் படைத்தவர்கள் அவன் கையில் கொடுத்து அனுப்பியது அடியைத் தாங்கும் பொருள் ஒன்றை மட்டும்தான்.

அந்தப் பொருளுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. அது தையல் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே தொடங்குகிறது.

பிறந்த வீடு

இதழை உருவாக்கியவர்கள் இருவர். ஜோ சைமன் ரோச்செஸ்டர் நகரில் பிறந்தவர். அப்பா இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து வந்த தையல்காரர். குடியிருந்த வீடே தையல் கடை. ஜாக் கர்பியின் பெற்றோர் ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவிலிருந்து வந்தவர்கள். அவருடைய அப்பாவும் ஆயத்த ஆடைத் தொழிலாளிதான். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் 1917இல் பிறந்த கர்பிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க்.

லோயர் ஈஸ்ட் சைட் அன்று ஒண்டுக்குடித்தனங்களின் உலகம். கிழக்கு ஐரோப்பாவின் யூத விரோதக் கலவரங்களுக்கும் வறுமைக்கும் தப்பி வந்த குடும்பங்கள் அடுக்கடுக்காக நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. தெருவுக்குத் தெரு பையன்களின் கோஷ்டி. சஃபோக் தெருவில் வளர்ந்த கர்பி அடுத்த தெருப் பையன்களோடு மாடியிலும் மாடிப்படியிலும் அடித்துக்கொண்டு வளர்ந்தவர். ஆள் குட்டை, அடிக்கு அஞ்சாதவர். பிற்காலத்தில் அவர் வரைந்த சண்டைகளில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் பாரத்தை எப்படித் தாங்குவான், அடிபட்டவன் எந்தப் பக்கம் சரிவான் என்பதெல்லாம் அவ்வளவு துல்லியமாக வந்ததற்குக் காரணம் அந்தத் தெருதான். பிராட் கலைக் கல்லூரியில் சேர்ந்தும் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. பிறகு பாப்பாய் கார்ட்டூன் படங்கள் தயாரித்த ஃபிளைஷர் ஸ்டூடியோவில் வேலை. வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் வரைந்து தள்ளும் அந்த இடம் அப்பாவின் தையற்கூடத்தையே நினைவூட்டியதால் அதையும் விட்டு வெளியேறினார்.

அந்தத் தலைமுறை யூதப் பையன்களில் இத்தனை பேர் ஏன் காமிக்ஸுக்கு வந்தார்கள்? விளம்பர நிறுவனங்களும் பளபளப்பான வார இதழ்களும் அவர்களுக்குப் பெரும்பாலும் கதவைச் சாத்தியிருந்தன. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்தன. காமிக்ஸோ மதிப்பான ஓவியர்கள் கைவைக்கக் கூசிய மட்டமான தொழில். அதனாலேயே அங்கே இடம் கிடைத்தது. அப்பாக்கள் உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்தார்கள். பிள்ளைகள் பக்கத்துக்கு இவ்வளவு என்று வரைந்தார்கள்.

இவர்களுக்கு முன்னோடிகளும் இப்படியே வந்தவர்கள். கிளீவ்லாந்தில் சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் குடியேறிய யூதர்களின் பிள்ளைகள். ஷூஸ்டரின் அப்பா தையல்காரர். சீகலின் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். 1932இல் கடைக்குள் திருடர்கள் புகுந்த இரவில் இதயம் நின்று இறந்துபோனார். ஷூஸ்டருக்குச் சொந்தமாக வரைபலகை கிடையாது. அம்மா மாவு பிசையும் பலகைதான் வரைபலகை. ஓய்வுநாள் ரொட்டிக்கு மாவு பிசையும் நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பலகையில் வரைந்து பழகியவரும் அவர் நண்பரும் சேர்ந்து 1938இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றார்கள். இரண்டே ஆண்டில், 1940 ஏப்ரலில், நாஜிகளின் எஸ்.எஸ். படை நடத்திய வார இதழ் சீகல் யூதர் என்பதைக் குத்திக்காட்டி சூப்பர்மேனைத் தாக்கி எழுதியது. ஒரு பொழுதுபோக்குப் புத்தகத்தைப் பார்த்து அவர்களுக்குக் கோபம் வந்திருக்கிறது என்றால், அந்தப் புத்தகத்தில் அவர்களைச் சுட்ட ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

நாயகனுக்கு ஏன் கேடயம்? பழந்தமிழில் கேடயத்துக்குத் 'தோல்' என்றொரு பெயர் உண்டு. தோலால் செய்ததால் வந்த பெயர். உடம்புக்கு வெளியே இன்னொரு தோல் என்றும் அதைப் புரிந்துகொள்ளலாம். எபிரேய மொழியில் கேடயத்துக்கு 'மாகேன்' என்று பெயர். யூதர்கள் நாள்தோறும் சொல்லும் முக்கியமான வழிபாட்டின் முதல் ஆசி, கடவுளை ஆபிரகாமின் கேடயம் என்று போற்றி முடிகிறது. யூதர்களின் அடையாளமாக உலகமே அறிந்த ஆறுமுனை நட்சத்திரத்தை நாம் தாவீதின் நட்சத்திரம் என்கிறோம். அவர்கள் சொல்வது 'மாகேன் தாவீது'. தாவீதின் கேடயம். நாடு இல்லாமல், படை இல்லாமல் பல நூற்றாண்டுகள் ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஒரு சமூகம், தன் கடவுளையும் தன் அடையாளத்தையும் கேடயம் என்ற சொல்லாலேயே அழைத்துவந்திருக்கிறது. சைமனும் கர்பியும் வரைந்தது அமெரிக்கக் கொடியின் நட்சத்திரத்தை. அதற்கு ஐந்து முனை. ஆனால் அந்தக் கொடியை ஒரு கேடயமாக வளைத்துப் பிடித்தவர்கள் இந்தச் சொல் புழங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள்.

எதிரி ஊருக்குள்ளேயே

1939 பிப்ரவரி 20ஆம் தேதி மாலை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் 20,000 பேருக்கு மேல் திரண்டார்கள். ஜெர்மன் அமெரிக்க பண்ட் என்ற நாஜி ஆதரவு அமைப்பின் கூட்டம். மேடையின் பின்னால் ஜார்ஜ் வாஷிங்டனின் பிரம்மாண்டமான படம். அதன் இருபுறமும் அமெரிக்கக் கொடிகளும் ஸ்வஸ்திகாக்களும். தலைவர் ஃப்ரிட்ஸ் கூன் யூதர்களைப் பழித்துப் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர் மேடையை நோக்கி ஓடினார். ஐசடோர் கிரீன்பாம், வயது 26, குழாய் வேலை செய்பவருக்கு உதவியாள். பண்டின் சீருடைக் காவலர்கள் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். கால்சட்டை உருவப்பட்ட நிலையில் போலீஸார் அவரைத் தூக்கிப் போனார்கள். அமைதியைக் குலைத்தார் என்று நீதிமன்றம் அவருக்கு 25 டாலர் அபராதம் விதித்தது.

அந்த மேடையின் அலங்காரத்தை மறந்துவிடக் கூடாது. நாஜிகள் அமெரிக்காவின் தேசத் தந்தையையும் கொடியையும் எடுத்துத் தங்கள் சின்னத்தோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார்கள். இந்த நாடு எங்களுடையது, நீங்கள் அந்நியர்கள் என்பது அதன் பொருள். அதே ஆண்டு ஜூனில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த 900க்கும் மேற்பட்ட யூதர்களோடு ஃபுளோரிடா கரை தெரியும் தூரம்வரை வந்த செயின்ட் லூயிஸ் கப்பலுக்கு அமெரிக்கா இடம் கொடுக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. 1940இல் ஐரோப்பாவின் பெரும்பகுதி ஹிட்லரின் காலடியில் கிடந்தபோதும் போரில் இறங்க வேண்டாம் என்பதே அமெரிக்காவில் பெரும்பாலோரின் எண்ணமாக இருந்தது.

ஜோ சைமன் பிற்காலத்தில் சொன்ன ஒரு விஷயம் இங்கே முக்கியம். காமிக்ஸில் கதாநாயகனைவிட வில்லன்தான் கதையைத் தாங்குகிறான் என்பது அவர் கணிப்பு. ஆகவே வில்லனிலிருந்து யோசிக்கத் தொடங்கினார். உயிரோடு இருக்கும் வில்லன், எல்லாருக்கும் தெரிந்த வில்லன், ஹிட்லர். அவனுக்கு ஈடான எதிராளியைத் தேடித்தான் கேப்டன் அமெரிக்கா வந்தான். சைமன் போட்ட முதல் கோட்டோவியத்திலேயே கையில் கேடயம் இருந்தது. கர்பி அதற்குத் தசையும் வேகமும் கொடுத்தார்.

கதையில் கேடயம் சென்று சேரும் ஆள் ஸ்டீவ் ரோஜர்ஸ். எலும்பும் தோலுமான இளைஞன். படையில் சேரப் போகிறான், உடம்பு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். பேராசிரியர் ரைன்ஸ்டைன் என்பவர் ஊசி போட்டு அவனைப் பலசாலி ஆக்குகிறார். ஜெர்மனியை விட்டு வந்த யூத விஞ்ஞானி ஐன்ஸ்டைனின் சாயல் அந்தப் பெயரில் அப்படியே தெரிகிறது. மருந்து பலித்த மறுநிமிடமே நாஜி உளவாளி ஒருவன் பேராசிரியரைச் சுட்டுக் கொல்கிறான். மருந்தின் ரகசியம் அவரோடு போய்விடுகிறது. பிராகு நகரத்து யூதர்களிடையே வழங்கும் கோலம் கதையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. தன் மக்களைக் காக்க ஒரு ரபி களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்து அதற்கு உயிரூட்டிய பழங்கதை அது. மெலிந்த கைகள் வலிமையைப் பிசைந்து செய்கின்றன.

ஸ்டீவ் ரோஜர்ஸ் யூதன் இல்லை. பொன்னிறத் தலைமுடி, நீலக் கண், ஆங்கிலப் பெயர். படைத்தவர்களில் ஒருவரான கர்ட்ஸ்பெர்க்கும் கர்பி என்ற பெயருக்குப் பின்னால்தான் நின்றார். அந்தப் பெயர் மாற்றம் அவருடைய பெற்றோருக்கு வருத்தம் தந்தது. யூத இளைஞன் ஒருவன் யூதனாகவே வந்து ஹிட்லரை அடிப்பதைப் பார்க்க அன்றைய சந்தை தயாராக இல்லை. முகமூடி நாயகனுக்கு மட்டும் இருக்கவில்லை.

கேடயத்துக்கு வந்த அடிகள்

ஏறக்குறைய 10 லட்சம் பிரதிகள் விற்றன. கூடவே கடிதங்களும் வந்தன. கொன்றுவிடுவோம் என்ற மிரட்டல்கள், ஆபாசமான வசவுகள், யூதர்கள் ஒழிக என்ற தொலைபேசிக் குரல்கள். இதழை வெளியிட்ட டைம்லி நிறுவனம் 42ஆம் தெருவில் இருந்தது. முரட்டு ஆட்கள் சிலர் வாசலில் கூட்டமாக நிற்கத் தொடங்கினார்கள். அலுவலக ஊழியர்கள் சாப்பாட்டுக்கு வெளியே போகவே பயந்தார்கள். போலீஸ் காவல் போடப்பட்டது. அந்த நேரத்தில் நியூயார்க் மேயர் ஃபியரெல்லோ லா கார்டியாவே தொலைபேசியில் பேசி, உங்களுக்கு ஒரு தீங்கும் வர இந்த நகரம் விடாது என்று உறுதி சொன்னதாக சைமன் நினைவுகூர்ந்திருக்கிறார். லா கார்டியாவின் அம்மா இத்தாலிய யூதர். ஐரோப்பாவில் இருந்த அவருடைய சகோதரி ஜெம்மாவைப் பின்னர் நாஜிகள் ரேவன்ஸ்புரூக் முகாமில் அடைத்தார்கள்.

கர்பியைப் பற்றி ஒரு கதை உண்டு. கீழே மூன்று பேர் நிற்கிறார்கள், இந்தப் படம் போட்டவனை ஒரு கை பார்க்க வேண்டுமாம் என்று தகவல் வந்தது. கர்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அவர் போவதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள். காகிதத்தில் குத்துவிட்டவர் நேரிலும் இறங்கி வருவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கேடயத்துக்கு வந்த அடுத்த அடி போட்டி நிறுவனத்திடமிருந்து. எம்.எல்.ஜே. நிறுவனம் 1940 ஜனவரியிலிருந்தே 'தி ஷீல்ட்' என்றொரு கொடியுடை நாயகனை வெளியிட்டு வந்தது. அவனுடைய மார்புக் கவசமும் இந்தக் கேடயமும் ஒரே வடிவம் என்று புகார் எழுந்தது. இரண்டாம் இதழிலிருந்து கேடயம் வட்டமானது. நடுவே நீல வட்டத்தில் ஒற்றை வெள்ளை நட்சத்திரம், சுற்றிலும் சிவப்பு வெள்ளை வளையங்கள்.

வழக்குக்குப் பயந்து மாற்றிய வடிவம்தான் அதற்குப் புது உயிர் கொடுத்தது. வட்டமானதை எறியலாம். அந்த எண்ணத்தை முதலில் எழுத்தில் போட்டவர் அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன். அஞ்சல் கட்டணச் சலுகை பெறக் காமிக்ஸ் இதழில் இரண்டு பக்கமாவது உரைநடைக் கதை இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மூன்றாம் இதழுக்கு அந்தக் கதையை எழுத இவனிடம் கொடுத்தார்கள். கதையில் கேப்டன் தன் கேடயத்தை வீசி எதிரியின் கையிலிருந்த கத்தியைத் தட்டிவிடுகிறான். பையனின் பெயர் ஸ்டான்லி லீபர். அச்சில் வந்த அந்த முதல் எழுத்திலேயே ஸ்டான் லீ என்று பெயர் போட்டுக்கொண்டான்.

அந்த 1941ஐ ஐரோப்பாவின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வெள்ளை நட்சத்திரம் பதித்த வட்டக் கேடயம் அமெரிக்கக் குழந்தைகளின் கையில் புரண்டுகொண்டிருந்த அதே ஆண்டு செப்டம்பரில், ஜெர்மனியில் ஆறு வயதைக் கடந்த ஒவ்வொரு யூதரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. தாவீதின் கேடயத்தை அவமானச் சின்னமாக்கி, அதைத் தைக்கிற வேலையையும் அவர்கள் வீட்டு ஊசிகளுக்கே கொடுத்தார்கள். ஒரு கரையில் தையல்காரர் மகன்கள் நட்சத்திரத்தைக் கேடயத்தில் பொறிக்கிறார்கள். மறுகரையில் ஒரு தாய் தன் குழந்தையின் சட்டையில் நட்சத்திரத்தைத் தைக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் அந்தக் கேடயத்தின் கனத்தை உணர முடியாது என்று நினைக்கிறேன்.

வரைந்தவர் போருக்குப் போனார்

வாக்களித்த லாபப் பங்கு ஒழுங்காக வரவில்லை என்று சைமனும் கர்பியும் பத்து இதழ்களோடு கேப்டன் அமெரிக்காவை விட்டு வெளியேறினார்கள். கேடயம் நிறுவனத்திடம் தங்கிவிட்டது. 1943இல் கர்பிக்கு ராணுவ அழைப்பு வந்தது. 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் கரையில் இறங்கி, தளபதி பேட்டனின் மூன்றாம் படையில் காலாட்படைச் சிப்பாயாகச் சேர்ந்தார். இவர் கேப்டன் அமெரிக்காவை வரைந்த ஆள் என்று அதிகாரி ஒருவருக்குத் தெரிய வந்தது. பரிசாகக் கிடைத்த வேலை, படைக்கு முன்னால் தனியாகப் போய் எதிரியின் நிலைகளை வரைந்து வருவது. உயிருக்கு உத்தரவாதமில்லாத வேலை. அந்தக் குளிர்காலத்தில் அவர் கால்கள் உறைபனியில் கறுத்தன. இரண்டையும் வெட்டிவிடலாமா என்று மருத்துவர்கள் யோசிக்கும் அளவுக்குப் போய், கடைசியில் பிழைத்தன. காகிதத்தில் குண்டுகளைத் தெறிக்கவைத்தவர் கையில் அங்கே கேடயம் எதுவும் இல்லை, பென்சில்தான் இருந்தது.

அமெரிக்கப் படைகளில் அந்தப் போரில் பணியாற்றிய யூதர்கள் சுமார் 5,50,000 பேர். ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம். காமிக்ஸ் கேடயம் அவர்களில் ஒருவரையும் காக்கவில்லை. கலீசியாவில் கர்பியின் பெற்றோர் விட்டுவந்த யூத உலகமே அழிந்துபோனது. அன்றைய காமிக்ஸ் நாயகர்களின் சாகசங்களில் யூதர்களின் துயரம் பெயர் சொல்லிப் பேசப்பட்டதும் மிக அரிது.

அப்படியானால் அதனால் என்ன பயன்? எனக்குப் பதில் தெளிவாகவே தெரிகிறது. மிரட்டியே ஒரு கண்டத்தைப் பணியவைத்த ஒருவனை, மிரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் அவன் உச்சத்தில் இருந்தபோதே குழந்தைகள் முன்னால் மல்லாக்க விழவைத்தார்கள். பயத்தில் பாதி மனத்தில் இருக்கிறது. அதை உடைக்கும் வேலையைப் படங்கள் செய்யும். 10 சென்ட் அனுப்பி, கேப்டனின் குழந்தைகள் சங்கத்தில் சேர்ந்து, உலோக வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்ட பையன்களில் சிலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிஜத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அதே எதிரியிடம் போனார்கள்.

பனிக்கட்டிக்குள்ளிருந்து

போர் முடிந்ததும் கேடயத்துக்கு வேலை இல்லாமல் போனது. விற்பனை சரிந்து 1950க்குள் இதழ் நின்றது. நடுவில் ஒருமுறை எழுப்பிப் பார்த்தும் நிற்கவில்லை. 1964 மார்ச் தேதியிட்ட அவெஞ்சர்ஸ் நான்காம் இதழில் ஸ்டான் லீயும் கர்பியும் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடலில் மிதந்த பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தவன் கண்விழிக்கிறான். கையில் கேடயம் இருக்கிறது. கூடவே போரிட்ட பக்கி இல்லை. அவன் இறந்தான், நான் ஏன் பிழைத்தேன் என்ற கேள்வி அன்றிலிருந்து கேப்டனை விடுவதில்லை.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணை நடந்தது. முகாம்களிலிருந்து மீண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறிப் பேசினார்கள். தப்பிப் பிழைத்தவரின் பாரம் எப்படிப்பட்டது என்று உலகம் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்ட காலம் அது. கர்பி அந்தப் பாரத்தைக் கேடயம் ஏந்தியவனின் முகத்தில் வரைந்தார். அதே சமயம் அவர் வரைந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழில் வெறுப்பைப் பரப்பும் முகமூடி வில்லன் ஒருவன் வந்தான். முகமூடியை உருவிப் பார்த்தால் ஹிட்லர்.

பிற்காலக் கதைகளில் கேடயம் எதனால் ஆனது என்பதற்கும் ஒரு வரலாறு சேர்ந்தது. வைப்ரேனியம் என்ற கற்பனை உலோகம் கலந்தது அது. அந்த உலோகத்தின் குணம், விழும் அடியின் அதிர்வை உள்ளே வாங்கிக்கொள்வது. அது எப்படிக் கலந்தது என்று அதைச் செய்த விஞ்ஞானிக்கே தெரியாததால் மறுபடி ஒன்று செய்ய முடியவில்லை. அடியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு உடையாமல் நிற்பது. யூத வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த உலோகவியல் புதிதல்ல.

படைத்தவருக்கோ கேடயம் இருக்கவில்லை. தான் வரைந்த மூலப் பக்கங்களைக் கேட்டு கர்பி 1980களில் ஆண்டுக்கணக்கில் மார்வல் என்று பெயர் மாறியிருந்த பழைய டைம்லி நிறுவனத்தோடு போராடினார். சக ஓவியர்கள் திரண்டு கையெழுத்திட்டார்கள். பத்தாயிரத்துக்கும் அதிகமான பக்கங்களில் சுமார் 2,000 மட்டும் 1987இல் கைக்கு வந்தன. 1994இல் அவர் காலமானார். அவருடைய வாரிசுகளின் வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

திரும்பி வந்த நட்சத்திரம்

கர்பியின் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவில் பாறை உடம்போடு வரும் 'திங்' என்ற நாயகன் யூதத் தொப்பியும் வழிபாட்டுச் சால்வையும் அணிந்து நிற்கும் படம். ஹனுக்கா பண்டிகை வாழ்த்துக்காகக் கர்பி வரைந்தது. திங்கின் முழுப் பெயர் பெஞ்சமின் ஜேக்கப் கிரிம். பெஞ்சமின் கர்பியின் அப்பா பெயர், ஜேக்கப் அவருடைய சொந்தப் பெயர். கதையில் அவன் வளர்ந்த யான்ஸி தெரு, கர்பி வளர்ந்த பகுதியின் டெலான்ஸி தெருவின் மறுபெயர். அச்சில் சொல்ல முடியாததை அவர் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்திருந்தார்.

அச்சில் அது வர 2002 ஆனது. வேறு படைப்பாளிகள் எழுதி வரைந்த கதையில் திங் தன் பழைய தெருவுக்குத் திரும்புகிறான். சிறுவயதில் அங்கே அடகுக்கடை வைத்திருந்த யூதப் பெரியவரிடமிருந்து திருடிய ஒரு பொருளை இத்தனை ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான். சங்கிலியில் கோத்த தாவீதின் நட்சத்திரம். இவ்வளவு நாள் யூதன் என்று ஏன் வெளியே சொல்லவில்லை, வெட்கமா என்று பெரியவர் கேட்கிறார். வெட்கமில்லை, என்னைப் போன்ற அரக்கத் தோற்றம் உடையவனைப் பார்த்து யூதர்களையே உலகம் அப்படி நினைத்துவிடக் கூடாதே என்றுதான் மறைத்தேன் என்று பதில் வருகிறது. பெரியவர் உயிருக்குப் போராடிக் கிடக்கும் நேரத்தில் அந்தப் பாறைக் கைகாரன் எபிரேயத்தில் பிரார்த்தனை சொல்கிறான். அவன் திருப்பிக் கொடுக்க வந்த பொருளின் எபிரேயப் பெயரை மறுபடி நினைவுபடுத்துகிறேன்: மாகேன் தாவீது. கொடியின் நட்சத்திரத்துக்குப் பின்னால் அறுபது ஆண்டு மறைந்து நின்ற இன்னொரு நட்சத்திரம் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

வேறு கைகளில்

2016இல் கேப்டன் அமெரிக்கா பிறந்து எழுபத்தைந்து ஆண்டு நிறைந்த சமயத்தில் ஒரு புதுக் கதை வந்தது. கேப்டன் தொடக்கத்திலிருந்தே ஹைட்ரா என்ற கொடுங்கோன்மை அமைப்பின் ஆள் என்றது அது. நாஜிகளோடு பிணைந்த அமைப்பு ஹைட்ரா. இரண்டு யூதர்கள் ஹிட்லரை எதிர்க்கவென்றே செய்த உருவத்தை இப்படித் திருப்பலாமா என்று வாசகர்கள் கொதித்தார்கள். நிஜத்தையே திரித்துவிட்ட மாயம் அது என்று கதை பின்னால் சமாதானம் சொன்னது. வாசகர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். கேடயம் யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

2021 ஜனவரி 6 அன்று நடந்தது கதை அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் வன்முறைக் கூட்டம் புகுந்தது. அந்தக் கூட்டத்தில் ஆஷ்விட்ஸ் முகாமின் பெயர் பொறித்த சட்டை போட்டவர் ஒருவர் இருந்தார். கேப்டன் அமெரிக்காவின் உருவத்தையும் கேடயத்தையும் அணிந்தும் ஏந்தியும் வந்தவர்களும் இருந்தார்கள். கர்பியின் மகன் நீல் கர்பி அறிக்கை வெளியிட்டார். தன் தந்தையின் படைப்பை அங்கே கண்டு அதிர்ந்து வெட்கிப்போனதாகவும், அந்த நாயகன் எதற்காக நின்றானோ அதற்கு நேர் எதிரானது இது என்றும் சொன்னார்.

1939இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாஷிங்டனின் படத்துக்கு நேர்ந்ததே எண்பத்திரண்டு ஆண்டு கழித்து இந்தக் கேடயத்துக்கும் நேர்ந்தது. சின்னம் என்பது கைமாறும் பொருள். எடுத்தவரெல்லாம் ஏந்தலாம். உலகம் முழுக்கப் பள்ளிப் பைகளிலும் தண்ணீர் பாட்டில்களிலும் சட்டைகளிலும் அந்த வட்டமும் நட்சத்திரமும் இன்று இருக்கின்றன. அதைச் சுமக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது எந்தத் தெருவில் பிறந்தது என்று தெரியாது. அவர்களுக்குச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் வரைந்தது இது, துரத்தப்படுகிற எவரையும் காக்க வரைந்தது, அவர்கள்மேல் பாய்பவர் கையில் இருந்தால் அது வெறும் தகடு என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்த முதல் அட்டைப்படத்துக்கே திரும்பிப் போகிறேன். இப்போது குத்தை விட்டுவிட்டுக் கேடயத்தில் தெறிக்கும் குண்டை மட்டும் பார்க்கிறேன். அது வரையப்பட்டபோது ஐரோப்பாவில் எந்த யூதருக்கும் அப்படியொரு தகடு கிடைக்கவில்லை. அது வெளிவந்ததும் வரைந்தவர்களுக்காகக் கீழே தெருவில் ஆட்கள் காத்து நின்றார்கள். ஆனாலும் அந்த இரண்டு தையல்காரர் மகன்களும் கையிலிருந்த காகிதத்தில் குண்டு துளைக்காத ஓரிடத்தை அளந்து, வெட்டி, மை போட்டு முடித்திருக்கிறார்கள். அந்தக் குண்டு இன்றைக்கும் அங்கேதான் தெறித்துக்கொண்டிருக்கிறது.